துப்பாக்கிச் சாவை எண்ணக் காசில்லை: அமெரிக்க ஆய்வு நிதி வெட்டின் பின்னணி

அமெரிக்காவில் எங்காவது பெரிய துப்பாக்கிச் சூடு நடந்தால் கூடவே ஒரு பேச்சு கிளம்பும். "துப்பாக்கி வன்முறையைப் பற்றி ஆய்வு செய்யவே அங்கே அரசாங்கம் தடை போட்டிருக்கிறது" என்பார் ஒருவர். "தடையெல்லாம் இல்லை, 2020லிருந்து அரசாங்கமே வருஷத்துக்கு 2.5 கோடி டாலர் கொடுக்கிறது" என்பார் இன்னொருவர். 2025ல் ஆட்குறைப்பு, நிதி ரத்து என்று செய்திகள் வந்ததும் இருக்கிற குழப்பம் இன்னும் கூடிவிட்டது. கொடுக்கிறார்களா, நிறுத்திவிட்டார்களா, தடையா?

இந்தப் பேச்சு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆய்வைத் தடை செய்யும் சட்டம் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் ஆய்வு கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. இது எப்படி நடந்தது என்பது புரிந்தால் 2025ல் நடந்ததும் புரிந்துவிடும். அடியிலிருந்தே வருவோம்.

சுகாதாரத் துறைக்கு இதில் என்ன வேலை?

ஒருவர் இன்னொருவரைச் சுட்டால் அது போலீஸ் வழக்கு. அதில் டாக்டர்களுக்கும் புள்ளிவிவரக்காரர்களுக்கும் என்ன வேலை என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான்.

2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 தற்கொலை. கொலை சுமார் 17,900. மிச்சம் விபத்து, போலீஸ் சுட்டது, எப்படி என்று தீர்மானிக்க முடியாதது. டிவியில் நாம் பார்க்கும் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு, மால் துப்பாக்கிச் சூடு எல்லாம் மொத்தக் கணக்கில் மிகச் சின்னப் பகுதி. பத்தில் ஆறு சாவில் பிடித்து உள்ளே போட ஒரு குற்றவாளியே கிடையாது. போலீசும் கோர்ட்டும் சாவுக்குப் பிறகு வருகிற ஏற்பாடு. சாவு நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்பதுதான் பொதுச் சுகாதாரம். 1 முதல் 19 வயது வரையிலானவர்கள் சாவதற்கு அந்த நாட்டில் முதல் காரணம் 2020லிருந்து துப்பாக்கிதான். அதுவரை அந்த இடத்தில் வாகன விபத்து இருந்தது.

வாகன விபத்தையே எடுத்துக்கொள்வோம். 1960கள் வரை விபத்து என்றால் ஓட்டுநரின் தப்பு, அவ்வளவுதான். 1966ல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்குத் தனி அரசு அமைப்பு வந்தபோது அதன் முதல் தலைவராக உட்கார்ந்தவர் வில்லியம் ஹாடன் என்ற டாக்டர். மோதுவதற்கு முன், மோதும்போது, மோதிய பிறகு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனிதன், வண்டி, சாலை ஆகிய மூன்றில் எதை மாற்றலாம் என்று கட்டம் போட்டுப் பார்த்தார். சீட் பெல்ட், நெஞ்சில் குத்தாத ஸ்டியரிங், சாலையோரத் தடுப்பு, ஏர்பேக் எல்லாம் இந்த மாதிரி யோசனையிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தவை. 1966ல் 10 கோடி மைல் ஓட்டத்துக்கு ஐந்து பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள், இப்போது ஒன்றரைக்கும் கீழே. காரை யாரும் தடை செய்யவில்லை. 1975லிருந்து அந்த நாட்டில் நடக்கும் ஒவ்வொரு உயிர்ப்பலி விபத்தும் ஒரே தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தற்கொலைக்கும் இதே வழி பொருந்துமா? நமக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. இலங்கையில் 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று, அதில் பெரும்பங்கு பூச்சி மருந்து. கொடிய விஷத்தன்மை உள்ள மருந்துகளை அரசு 1995லிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது வருஷத்தில் தற்கொலை விகிதம் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அந்த ஒரு கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பல சமயம் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்தக் கணத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் தலைமையில், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டுப் பெட்டியில் வைக்கச் செய்து பார்த்த ஆய்வும் இந்த வழியில் வந்ததுதான். மருந்துக்குப் பதில் துப்பாக்கி என்று போட்டுப் பாருங்கள். பூட்டி வைத்தால் குறையுமா, எந்தப் பூட்டு, யார் கையில் சாவி? இந்தச் சின்னச் சின்னக் கேள்விகளுக்குத்தான் ஆய்வுப் பணம் வேண்டும்.

1993: வம்பை இழுத்த ஓர் ஆய்வு

அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்ய வேண்டிய அரசு அமைப்பு சிடிசி, அதாவது நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம். தலைமையகம் அட்லாண்டாவில். அதற்குள் 1992ல் காயத் தடுப்புக்கென்று ஒரு தேசிய மையம் உருவானது.

சிடிசி நிதியில் ஆர்தர் கெல்லர்மன் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு 1993ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மெம்ஃபிஸ், சியாட்டில், கிளீவ்லாந்து நகரங்கள் இருக்கும் மூன்று கவுண்டிகளில் வீட்டுக்குள் நடந்த கொலைகளை எடுத்தார்கள். கொலையானவர் ஒவ்வொருவருக்கும் அதே சுற்றுவட்டாரத்தில் அதே பால், அதே இனம், கிட்டத்தட்ட அதே வயதில் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்து, இரண்டு வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். போதைப் பழக்கம், முன்பு நடந்த அடிதடி இதையெல்லாம் கழித்த பிறகும், துப்பாக்கி இருக்கும் வீட்டில் ஒருவர் கொலையாகும் அபாயம் சுமார் 2.7 மடங்கு அதிகம் என்று வந்தது. பாதுகாப்புக்காக வாங்கி வைத்த பொருள் ஆபத்தைக் கூட்டுகிறது என்றால் அதை விற்பவர்களுக்கும் வைத்திருப்பவர்களுக்கும் எப்படி இருக்கும்?

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைபிள் சங்கம், சுருக்கமாக என்ஆர்ஏ, கொதித்தது. அவர்கள் பக்கம் சொன்னதில் ஒன்றிரண்டு யோசிக்க வேண்டியவையும் இருந்தன. ஆபத்தில் இருப்பவர்தானே துப்பாக்கி வாங்குவார், அப்படியானால் துப்பாக்கியால் ஆபத்தா, ஆபத்தால் துப்பாக்கியா? கொலை செய்யப் பயன்பட்டது அந்த வீட்டுத் துப்பாக்கிதான் என்று எப்படித் தெரியும்? போதாததற்கு, காயத் தடுப்பு மையத்தின் அன்றைய தலைவர் மார்க் ரோசன்பர்க், சிகரெட்டைப் பற்றி மக்கள் பார்வை மாறியதைப் போலத் துப்பாக்கியைப் பற்றியும் மாற வேண்டும் என்ற பொருளில் 1994ல் ஒரு பத்திரிகையிடம் பேசியிருந்தார். அரசு ஆய்வு என்ற போர்வையில் பிரச்சாரம் நடக்கிறது என்று குற்றம் சாட்டுபவர்களுக்கு அவரே கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஓர் ஆய்வில் ஓட்டை இருந்தால் அடுத்த ஆய்வு அதை அடைக்க வேண்டும், அதுதான் வழக்கம். இங்கே அடுத்த ஆய்வுக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

1996: ஒரு வரியும் 26 லட்சம் டாலரும்

என்ஆர்ஏ முதலில் கேட்டது அந்த மையத்தையே மூட வேண்டும் என்று. அது நடக்கவில்லை. பதிலாக, அர்க்கன்சாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஜே டிக்கி பெயரில் ஒரு வரி பட்ஜெட் மசோதாவில் ஏறியது. காயத் தடுப்புக்காக சிடிசிக்குத் தரப்படும் நிதியில் எதையும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாக வாதாடவோ அதை ஊக்குவிக்கவோ பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அந்த வரி.

இதை ரைடர் என்பார்கள். பட்ஜெட் மசோதாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் நிபந்தனை. தனிச் சட்டமாக வந்தால் தனி விவாதம், தனி ஓட்டு. வாலில் தொங்கினால் அதை எதிர்க்க நினைப்பவர் மொத்த பட்ஜெட்டையும் எதிர்க்க வேண்டியிருக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய வரி இது, வருஷா வருஷம் புதுப்பித்தும் விடுகிறார்கள்.

வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆய்வு என்ற சொல்லே அதில் இல்லை. அப்புறம் எப்படி ஆய்வு நின்றது?

1. அதே பட்ஜெட்டில் சிடிசியிடமிருந்து 26 லட்சம் டாலரைப் பிரித்து, மூளைக் காயம் பற்றிய ஆய்வுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் துப்பாக்கிக் காய ஆய்வுக்கு சிடிசி செலவழித்த தொகை எவ்வளவோ அதே 26 லட்சம். சைபருக்குச் சைபர் பொருந்துகிற இந்தக் கணக்கைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

2. "ஊக்குவிப்பது" என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து அதிகம் என்று எழுதுவது ஊக்குவிப்பா? தெரியாது. தப்பாகப் போனால் மொத்த மையத்தின் பணமும் போய்விடுமோ என்ற பயத்தில் அதிகாரிகள் கோட்டுக்குப் பத்தடி தள்ளியே நின்றார்கள். அந்தப் பயம் எந்த அளவுக்குப் போனது என்பதை 2011ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது: சிடிசி நிதி பெறும் ஆய்வாளர்கள் துப்பாக்கி தொடர்பாக எதையாவது வெளியிடப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே சிடிசிக்குச் சொல்ல வேண்டுமாம், சிடிசி அதை மரியாதைக்காக என்ஆர்ஏவுக்குத் தெரிவித்துவிடுமாம்.

3. வேறு கதவும் அடைபட்டது. மருத்துவ ஆய்வுக்குப் பெரும்பணம் தருவது என்ஐஎச் எனப்படும் தேசிய சுகாதார நிறுவனங்கள். அதன் நிதியில் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஓர் ஆய்வு 2009ல் வெளியானது, துப்பாக்கி வைத்திருப்பவர் தாக்குதலில் சுடப்படும் வாய்ப்பு கூடுதல் என்று அதில் வந்தது. 2012 நிதியாண்டுக்கான பட்ஜெட்டில் டிக்கி வரி என்ஐஎச்சுக்கும் நீண்டது.

4. ஆட்கள் வரவில்லை. முனைவர் பட்டம் முடித்த ஓர் இளைஞர் பணம் இல்லாத துறையை ஏன் தேர்ந்தெடுப்பார்? இதில் முழுமூச்சாக இருக்கும் அனுபவமுள்ள ஆய்வாளர்கள் நாடு முழுக்க ஒரு டஜனுக்கு மேல் இல்லை என்று 2013ல் எழுதினார் கலிஃபோர்னியாவின் காரன் வின்டமியூட், அவசர சிகிச்சை டாக்டர். தன் ஆய்வுக்குத் தன் கைக்காசிலிருந்தே பத்து லட்சம் டாலருக்கு மேல் போட்டவர் அவர்.

விளைவை எண்ணில் பார்க்க வேண்டுமானால் 2017ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு காரணத்தால் இத்தனை பேர் செத்தால் அதற்கு அரசு இத்தனை ஆய்வு நிதி தரும் என்று மற்ற நோய்களை வைத்து ஒரு விகிதம் கண்டுபிடித்து, அதைத் துப்பாக்கிக்குப் பொருத்தினார்கள். 2004 முதல் 2015 வரை வந்திருக்க வேண்டியது சுமார் 140 கோடி டாலர். வந்தது 2.2 கோடி, அதாவது 1.6 சதவீதம்.

செத்தவர்களை வைத்து வீடுகளைக் கணக்கிடும் நாடு

பணம் இல்லாவிட்டால் கட்டுரை எண்ணிக்கை குறையும், போகட்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் தரவு, ஏனென்றால் அன்றன்றைக்கு எடுக்காத கணக்கைப் பிறகு எந்தக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் எத்தனை வீட்டில் துப்பாக்கி இருக்கிறது? அரசிடம் பதில் இல்லை. தேசிய அளவில் உரிமையாளர் பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986லேயே சட்டம் போட்டாகிவிட்டது. சரி, சர்வேயில் கேட்கலாமே? சிடிசி வருஷந்தோறும் லட்சக்கணக்கானவர்களுக்குப் போன் போட்டு உடல்நலக் கேள்விகள் கேட்கிறது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்வியை 2001, 2002, 2004 ஆகிய வருஷங்களில் எல்லா மாநிலங்களிலும் கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அதனால் ஆய்வாளர்கள் ஒரு சுற்று வழி பிடித்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் நடக்கும் தற்கொலைகளில் எத்தனை சதவீதம் துப்பாக்கியால் என்று பார்த்து, அதிலிருந்து எத்தனை வீட்டில் துப்பாக்கி இருக்கும் என்று அனுமானிக்கிறார்கள். கணக்கு ஓரளவு சரியாகவே வருகிறதாம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள், உயிரோடிருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விக்குச் செத்தவர்களிடமிருந்து பதில் வாங்குகிறார்கள்.

சாவு விஷயத்திலும் இதே நிலைமைதான். இறப்புச் சான்றிதழிலிருந்து கணக்கில் ஏறுவது ஒரு குறியீடு: எக்ஸ்72 என்றால் கைத்துப்பாக்கியால் தற்கொலை, எக்ஸ்93 கைத்துப்பாக்கியால் தாக்குதல், டபிள்யூ32 கைத்துப்பாக்கி விபத்து. என்ன வகைத் துப்பாக்கி என்று யாரும் எழுதாவிட்டால் எக்ஸ்74, எக்ஸ்95 என்று பொதுக் கணக்கில் தள்ளிவிடுவார்கள், அப்படித் தள்ளப்படுவதே ஏராளம். யாருடைய துப்பாக்கி, பூட்டியிருந்ததா, முந்தின நாள் வீட்டில் சண்டையா, வேலை போயிருந்ததா என்பதெல்லாம் அதில் கிடையாது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2002ல் ஆறு மாநிலங்களோடு வன்முறைச் சாவுகளுக்கான தேசியப் பதிவு முறையைத் தொடங்கினார்கள். சாலை விபத்துப் பதிவேடு தொடங்கி இருபத்தேழு வருஷம் கழித்து. இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அதிகாரியின் அறிக்கை, போலீஸ் அறிக்கை மூன்றையும் ஒருவர் உட்கார்ந்து படித்து, 600க்கும் மேற்பட்ட விவரங்களில் கிடைப்பதை நிரப்பி, நடந்ததைச் சில பத்திகளில் எழுதுகிறார். கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் வேலை இல்லை இது. ஐம்பது மாநிலங்களும் இதில் சேர்ந்து முடிக்க 2018 ஆனது.

குண்டடி பட்டுப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? அதற்கு நம்பகமான தேசியக் கணக்கு இன்றும் சரியாக இல்லை.

2019: பனி கொஞ்சம் உருகியது

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, ஆய்வைத் தொடங்குங்கள் என்று ஒபாமா சிடிசிக்கு உத்தரவிட்டார், 1 கோடி டாலரும் கேட்டார். காங்கிரஸ் தரவில்லை. அதிபர் உத்தரவிடலாம், பணப்பெட்டியின் சாவி காங்கிரஸிடம்.

மனம் மாறியது டிக்கிக்குத்தான். 1996ல் எதிரெதிரே நின்ற அவரும் ரோசன்பர்க்கும் நண்பர்களாகி, 2012 ஜூலையில் வாஷிங்டன் போஸ்டில் இருவரும் சேர்ந்தே ஆய்வு வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். டிக்கி 2017ல் இறந்தார். மறு வருஷம் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்த வரி ஆய்வைத் தடுக்கவில்லை என்று பட்ஜெட்டோடு வந்த அறிக்கையில் ஒரு விளக்கம் சேர்ந்தது. 2019 டிசம்பரில் பணமும் வந்தது: சிடிசிக்கு 1.25 கோடி, என்ஐஎச்சுக்கு 1.25 கோடி. முதலில் சொன்ன 2.5 கோடி டாலர் இதுதான். டிக்கி வரியை யாரும் எடுக்கவில்லை, அது அப்படியே இருக்கிறது.

2025: இந்த முறை வேறு வழி

1. ஜனவரியில், 2023ல் தொடங்கிய வெள்ளை மாளிகைத் துப்பாக்கி வன்முறைத் தடுப்பு அலுவலகம் மூடப்பட்டது. துப்பாக்கி வன்முறை ஒரு பொதுச் சுகாதார நெருக்கடி என்று 2024 ஜூனில் அன்றைய தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கை, மார்ச்சில் அரசு இணையதளத்திலிருந்து காணாமல் போனது.

2. ஏப்ரல் 1 அன்று சுகாதாரத் துறையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. சிடிசியின் காயத் தடுப்பு மையத்துக்குப் பலமான அடி. காயங்கள், சாவுகள் பற்றிய எண்களைப் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் தேடி எடுக்கும் விஸ்கார்ஸ் என்ற தரவுத் தளத்தை நடத்திய குழுவும் அதில் போயிற்று.

3. அதே மாதம் நீதித்துறை 360க்கும் மேற்பட்ட மானியங்களை ரத்து செய்தது, மொத்த மதிப்பு சுமார் 80 கோடி டாலர். சண்டை வருவதற்குமுன் தெருவில் இறங்கிச் சமாதானம் பேசும் உள்ளூர்க் குழுக்களுக்கான பணம் இதில் கணிசம். இது நேரடியாக ஆய்வுப் பணம் இல்லைதான். ஆனால் 2021க்குப் பிறகு துப்பாக்கிச் சாவு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கொரோனாக் காலம் முடிந்ததாலா, இந்தக் குழுக்களாலா, வேறு எதனாலா என்று சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, சோதிக்க வேண்டிய திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டால் விடை எங்கிருந்து வரும்?

4. 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை முன்வைத்த பட்ஜெட், காயத் தடுப்பு மையத்தையே கலைத்துவிட யோசனை சொன்னது. 1990களில் என்ஆர்ஏ கேட்டு நடக்காமல் போன அதே விஷயம்.

1996ல் ஆட்களை விட்டுவிட்டுப் பணத்தை எடுத்தார்கள். 2025 ஏப்ரலில் பணம் பட்ஜெட்டில் இருக்க, ஆட்களை எடுத்தார்கள். விண்ணப்பத்தைப் படிக்க, தரவைச் சரிபார்க்க, மாநிலங்களிலிருந்து வரும் பதிவுகளை வாங்கி அடுக்க ஆள் இல்லை என்றால் ஏட்டில் இருக்கும் 2.5 கோடியை வைத்து என்ன செய்வது?

தனியார் காசு போதாதா?

கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2017ல் ஐந்து வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து வின்டமியூட் தலைமையில் ஓர் ஆய்வு மையம் அமைத்தது. நியூ ஜெர்சியும் அப்படி ஒன்றை வைத்தது. ஆர்னால்டு அறக்கட்டளை 2018ல் 2 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் அறக்கட்டளை ஆய்வாளருக்குச் சம்பளம் தரலாம், ஐம்பது மாநிலத்துப் போலீஸ் அறிக்கையையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் வருஷா வருஷம் ஓர் இடத்துக்கு வரவைக்க முடியாது. அது அரசால் மட்டும் ஆகிற காரியம்.

2025 ஆகஸ்ட் 8 அன்று அட்லாண்டாவில் ஒருவர் சிடிசி தலைமையகத்தை நோக்கிச் சரமாரியாகச் சுட்டார். கட்டடங்களின் ஜன்னல் கண்ணாடிகளில் குண்டு துளைகள். ஒரு காவல் அதிகாரி கொல்லப்பட்டார், சுட்டவரும் அங்கேயே இறந்தார். கொரோனா தடுப்பூசிமேல் அவருக்கிருந்த கோபம்தான் காரணம் என்றார்கள் விசாரணை அதிகாரிகள். துப்பாக்கிகள் அவருடையவை அல்ல, அப்பாவுடையவை. அவை பெட்டகத்தில் பூட்டித்தான் இருந்தன. பெட்டகத்தை உடைத்து எடுத்திருக்கிறார். ஜார்ஜியா மாநிலத்தின் கணக்கில் இரண்டு சாவும் ஏறும், ஒன்று தாக்குதல், இன்னொன்று தற்கொலை. துப்பாக்கி யாருடையது, பூட்டியிருந்ததா என்று கேட்கும் கட்டங்களையும் யாராவது நிரப்பி அட்லாண்டாவுக்கு அனுப்புவார்கள். அங்கே காயத் தடுப்பு மையத்தில் அதைப் படித்திருக்கக்கூடியவர்கள் பலருக்கு நான்கு மாதம் முன்பே வேலை போயிருந்தது.